பங்கா கயிற்றின் மறுமுனை

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் நம்மை வெளியே அழைத்துப் போவதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் கோயில். அடுத்து பெரிய கடை. மூன்றாவது அருவி. என் அண்ணன் மகன் இருப்பது லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரில். அங்கே அருவி கிடையாது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் உண்டு, சதுப்பு நிலம் உண்டு, அதில் முதலைகள் உண்டு. மூன்று நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது. நான்காம் நாள் காலை காபியை நீட்டியபடி கேட்டான்: "சித்தப்பா, பழைய மாளிகைங்க பாக்கணுமா? ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்."

பக்கத்திலேயே நாட்டவே என்று ஒரு பண்ணை மாளிகை இருந்ததாம். 1859ல் ஒரு கரும்புப் பண்ணை முதலாளி கட்டியது. தென் மாநிலங்களில் எஞ்சி நின்ற அந்தக் காலத்து மாளிகைகளில் அதுதான் மிகப் பெரியது என்பார்கள். கடைசியில் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் இடமாக இருந்தது. அலுவலக நண்பர் ஒருவரின் திருமணத்துக்கு இவனே அங்கே போயிருக்கிறான். வெள்ளைத் தூண்களுக்கு முன்னால் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். 2025 மே மாதம் அந்த மாளிகை தீப்பிடித்து எரிந்துபோயிற்று. சரித்திரம் போயிற்றே என்று ஒரு சாரார் வருந்தினார்கள். 155 அடிமைகளை வைத்திருந்தவன் வீடு, எரிந்தது நல்லது என்று இன்னொரு சாரார் வெளிப்படையாகவே கொண்டாடினார்கள்.

"உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் சொன்னதும் புரிஞ்சுது. அதான் சங்கடம்" என்றான்.

நாங்கள் கிளம்பியது வடக்கே மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும் நாச்செஸ் என்ற ஊருக்கு. சுமார் 90 மைல். வண்டியில் அவன், மருமகள், அவர்களுடைய ஒன்பது வயது மகள், நான். மருமகள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டாள். எந்தக் கண்டத்துக்குப் போனாலும் நம் ஒருநாள் பயணத்துக்குப் புளிசாதம்தான் துணை.

வழியெல்லாம் ஓக் மரங்கள். அவற்றின் கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் சடைசடையாக ஒரு செடி தொங்குகிறது. ஸ்பானிஷ் பாசி என்று பெயர். முதலில் பார்க்கும்போது அழகாக இருக்கிறது. ஒரு மணி நேரம் பார்த்த பிறகு, யாரோ தலைமுடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்ற ஆரம்பிக்கிறது.

நாச்செஸ் சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 14,500 பேர். அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். மிசிசிப்பி நதிக்கு மேலே செங்குத்தான மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. மேட்டின் விளிம்பில் நின்றால் கீழே பழுப்பு நிறத்தில், அவசரமில்லாமல் நகரும் பிரம்மாண்டமான நீர். எதிர்க்கரை லூசியானா. தட்டையான வண்டல் பூமி, கண்ணுக்கு எட்டியவரை வயல். இந்த ஊரின் கதை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடக்கம் என்பது பிற்பாடுதான் புரிந்தது. மேட்டில் மாளிகை, பள்ளத்தில் பண்ணை. முதலாளிகளில் பலர் பண்ணையில் வசிக்கவில்லை. கொசுவும் காய்ச்சலும் வெள்ளமும் அங்கே. காற்றும் விருந்தும் நடனமும் இங்கே.

1716ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். ஊரின் பெயர், ஏற்கெனவே இங்கு வாழ்ந்துவந்த நாச்செஸ் பழங்குடியினரின் பெயர். நிலத்தகராறு முற்றி 1729ல் அவர்கள் கோட்டையைத் தாக்கி இருநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திருப்பித் தாக்கி அந்த இனத்தையே சிதறடித்தார்கள். பிடிபட்ட நூற்றுக்கணக்கானவர்களை, அவர்கள் தலைவரையும் சேர்த்து, கரீபியத் தீவு ஒன்றுக்கு அடிமைகளாக விற்றுவிட்டார்கள். ஊருக்குப் பெயரைக் கொடுத்தவர்களையே முதலில் விற்றிருக்கிறார்கள். பிறகு ஆங்கிலேயர், ஸ்பானியர், கடைசியில் அமெரிக்கர் என்று கொடிகள் மாறின. 1793ல் எலி விட்னி பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பிறகு இந்தப் பூமிக்கு ஒரே கடவுள், பருத்தி.

முதலில் நாங்கள் நுழைந்த மாளிகையின் பெயர் வேண்டாம். வழிகாட்டி ஒரு மூதாட்டி. அன்பானவர். வெள்ளி டம்ளர்களைப் பற்றி, பாரிஸிலிருந்து வந்த சுவர்க் காகிதத்தைப் பற்றி, மணப்பெண் இறங்கிவந்த மாடிப்படியைப் பற்றி மிக அழகாகச் சொன்னார். நாற்பது நிமிடமும் அந்த வீட்டில் "வேலையாட்கள்" சமைத்தார்கள், "வேலையாட்கள்" பெருக்கினார்கள், "வேலையாட்கள்" குழந்தைகளுக்குத் தாலாட்டுப் பாடினார்கள். சம்பளம் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் சங்கடமாகியிருக்கும். யாரும் கேட்கவில்லை. நானும்தான். வெள்ளி டம்ளர்கள் நன்றாகவே இருந்தன.

அடுத்தது லாங்வுட். இந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஹேலர் நட் என்ற பருத்திப் பண்ணையாருக்காக, பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் ஸ்லோன் வரைந்த எட்டுப்பட்டை மாளிகை. உச்சியில் வெங்காயம்போலக் குவிந்த கும்மட்டம். "கிழக்கத்திய பாணி" என்று அதற்குப் பெயர். நம்முடைய எந்த ஊரிலும் அப்படி ஒரு கட்டடத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நட்டிடம் எண்ணூறு அடிமைகள் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1860ல் வேலை ஆரம்பித்தது. மொத்தம் 32 அறைகள். வடக்கிலிருந்து தேர்ந்த கைவினைஞர்கள் வந்தார்கள். 1861ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. வந்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்தக் கருவிப் பெட்டிகளும் வண்ணக் குவளைகளும் இன்னும் மேல்மாடியில் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அரண்மனை. மாடி ஏறிப் பார்த்தால் பூசாத செங்கல், சாரம், மரச்சட்டம், தலைக்கு மேலே வெறும் கூம்பு. கீழ்த்தளத்து ஒன்பது அறைகள் மட்டும் முடிந்தன. அவற்றையும் முடித்தவர்கள் உள்ளூர்த் தொழிலாளிகளும் அடிமைகளும்தான். 1864ல் நட் நிமோனியாவில் இறந்துபோனார். அவருடைய மனைவி ஜூலியா எட்டுக் குழந்தைகளோடு அந்த ஒன்பது அறைகளில் காலத்தை ஓட்டினார். தலைக்கு மேலே முடியாத அரண்மனை, அதன் அடியில் குடித்தனம்.

சம்பளம் வாங்கிய தச்சன் சண்டை என்றதும் உளியைக் கீழே போட்டுவிட்டு ரயிலேற முடிந்தது. செங்கல் அறுத்தவனால் அப்படிப் போக முடியவில்லை. ஒரு சமுதாயத்தின் கட்டுமானத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டடம் வேறு இருக்குமா தெரியவில்லை.

மதியம் மெல்ரோஸ். 1840களில் ஜான் மெக்மரன் என்ற வக்கீல் கட்டிய மாளிகை இது. இப்போது தேசியப் பூங்காத் துறையின் வசம் இருக்கிறது. வழிகாட்டி ஓர் இளைஞர். இங்கே "வேலையாட்கள்" கிடையாது. எடுத்த எடுப்பிலேயே "அடிமைப்படுத்தப்பட்டவர்கள்" என்றார். பின்புற வராந்தாவில் வரிசையாக மணிகள். ஒவ்வொன்றும் ஒரு அறையோடு இணைக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வேறு ஒலி. சமையல்கட்டில் இருப்பவர் ஒலியைக் கேட்டே எந்த அறையில் கூப்பிடுகிறார்கள் என்று அறிந்து ஓட வேண்டும். நாம் சங்கீதத்துக்குப் பயன்படுத்தும் காதை இவர்கள் எதற்குப் பழக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டேன். மேஜைக்கு மேலே, உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பெரிய மஹாகனிப் பலகை, நுணுக்கமான செதுக்கு வேலையோடு. அதிலிருந்து ஒரு கயிறு அறையின் ஓரத்துக்குப் போகிறது.

"இது பங்காதானே?" என்றேன்.

வழிகாட்டியின் முகம் மலர்ந்தது. ஆமாம், பங்காதான், இந்திய வார்த்தை என்றார். காற்றுக்காக மட்டுமல்ல, சாப்பாட்டில் ஈ உட்காராமல் விரட்டவும். பூமிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வார்த்தையும் பொருளும் சேர்ந்தே வந்து இந்தச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்கியிருக்கின்றன. எனக்கு, உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது பெருமை. நம் ஊர்ச் சாமான். மருமகளிடம் திரும்பி, "எங்க கொள்ளுத்தாத்தா கச்சேரியில இது இருந்திருக்கு" என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்டேன்.

அதற்குள் குழந்தை வழிகாட்டியிடம் கேட்டுவிட்டாள். கயிற்றை யார் இழுப்பார்கள்?

"ஒரு பையன். கிட்டத்தட்ட உன் வயதுதான் இருக்கும்" என்றார் அவர். "விருந்து முடியும்வரை அந்த மூலையில் நின்று இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். மெதுவாக இழுத்தால் ஈ உட்கார்ந்துவிடும்."

அவன் பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டாள். அடிமைகள் கூடி எழுதப் படிக்கக் கற்பதை 1823ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த மாநிலத்தில் தடை செய்திருந்தது என்றார் அவர். அவன் பெயர் என்ன என்று கேட்டாள். அதற்கு அந்த இளைஞர் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினார்.

அவள் போய் அந்த மூலையில் நின்று மேஜையைப் பார்த்தாள். மேஜையில் பீங்கான் தட்டுகள் பரப்பியிருந்தன. அன்றைக்கு அந்த அறையில் நாங்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் மேஜைக்குப் பக்கத்தில் நின்றோம். மூலையிலிருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

நதி தெரியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அவ்வளவாகப் பேச்சு இல்லை.

இந்த வீடுகளெல்லாம் சுற்றுலாத் தலமான கதையும் சுவாரசியமானது. போருக்குப் பிறகு ஊர் நலிந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பருத்திக்காய் வண்டு வந்து மிச்சத்தையும் தின்றுவிட்டது. புது வீடு கட்டப் பணம் இல்லை. அதனால்தான் பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின. 1930களின் பொருளாதார மந்தத்தில், வண்ணம் உதிர்ந்துகொண்டிருந்த மாளிகைகளைக் காசு வாங்கிக்கொண்டு திறந்துகாட்டலாம் என்ற யோசனை தோட்டச் சங்கத்துப் பெண்களுக்கு வந்தது. 1932ல் தொடங்கினார்கள். வளையம் வைத்த பாவாடை, விசிறி, பழைய பாட்டு. அதற்கு "யாத்திரை" என்றே பெயர் வைத்தார்கள். வீட்டைக் காப்பாற்றியது அந்தப் பெண்களின் சாமர்த்தியம், மறுக்க முடியாது. வீட்டோடு சேர்த்து ஒரு கதையையும் காப்பாற்றிவிட்டார்கள். எஜமானர்கள் நல்லவர்கள், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்ற கதை.

சாப்பாட்டுக்குப் பிறகு போனது மாளிகை அல்ல. கடைவீதியில் ஒரு சாதாரண மாடி வீடு. வில்லியம் ஜான்சன் வீடு. 1809ல் அடிமையாகப் பிறந்து, பதினோரு வயதில் விடுதலை பெற்று, முடிதிருத்தும் தொழில் கற்று, சொந்தக் கடைகள் வைத்து முன்னேறிய கறுப்பினத்தவர். அவரிடம் முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1835லிருந்து 1851வரை நாட்குறிப்பு எழுதினார். குதிரைப் பந்தயம், கடன் பாக்கி, தெருச் சண்டை, காய்ச்சல், ஊர் வம்பு எல்லாம் அதில் இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து 1951ல் அது புத்தகமாக வந்தது. அந்தக் கால ஊரை அறிய அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இவரோடு நம் மனம் உடனே ஒன்றிவிடுகிறது. அப்போதுதான் வழிகாட்டி அடுத்ததைச் சொல்கிறார். ஜான்சனிடமும் அடிமைகள் இருந்தார்கள். விலைக்கு வாங்கினார், வேலை வாங்கினார். ஒரு சமுதாயத்தில் மனிதன் முன்னேறியதற்கு அடையாளம் இன்னொரு மனிதனைச் சொந்தமாக்கிக்கொள்வது என்று ஆகிவிட்டால், நேற்றுவரை விற்கப்பட்டவனும் இன்று வாங்கத்தான் போவான்.

அவருடைய முடிவு இன்னும் விசித்திரம். நில எல்லைத் தகராறில் 1851ல் பக்கத்து நிலத்துக்காரர் சுட்டுக் கொன்றார். பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவர்கள். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல முடியாது. ஆகவே வழக்கு, கொன்றது யார் என்பதை விட்டு, கொன்றவரின் உடம்பில் ஓடுவது என்ன ரத்தம் என்ற கேள்விக்குப் போயிற்று. தான் கறுப்பினத்தவர் அல்ல என்று அவர் வாதாடினார். திரும்பத் திரும்ப விசாரித்தும் தண்டனை இல்லை. ஆள் விடுதலையானார். சாதிச் சான்றிதழை வைத்துக் கொலை வழக்கு தீர்ந்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் புரிவதற்குச் சிரமம் இருக்காது.

கடைசியாகப் போன இடம் ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட். பாதை பிரியும் இடம் என்று அர்த்தம். பார்க்க ஒன்றுமில்லை. நாற்சந்தி, வாகன இரைச்சல், கொஞ்சம் புல், சில தகவல் பலகைகள். தென் மாநிலங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இங்கேதான் நடந்தது.

1808க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைச் சட்டம் தடுத்தது. ஆனால் உள்நாட்டு வியாபாரத்துக்குத் தடை இல்லை. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் புகையிலை மண் களைத்துப்போய் அங்கே "உபரி" ஆட்கள் இருந்தார்கள். இங்கே பருத்திக்கு ஆள் வேண்டும். உள்நாட்டுப் போருக்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் இப்படித் தெற்கே நகர்த்தப்பட்டார்கள். கப்பலில் சிலர். சங்கிலியில் பிணைக்கப்பட்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்தவர்கள் பலர். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம்.

1833ல் காலரா வந்தது. அடிமை வியாபாரி ஒருவர் இறந்தவர்களின் உடல்களை ஒழுங்காகப் புதைக்காமல் போட்டுவிட்டது தெரிந்து ஊரில் கொந்தளிப்பு ஏற்பட்டது. ஊர் எல்லைக்குள் வெளியூர் வியாபாரிகள் அடிமை விற்கக்கூடாது என்று தடை வந்தது. கோபம் வியாபாரத்தின் மேல் அல்ல, நாற்றத்தின் மேல். வியாபாரிகள் சந்தையை எல்லைக் கோட்டுக்கு வெளியே, இந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நாம் நினைப்பதுபோல இங்கே ஏலம் போடவில்லை. புது உடுப்பு போட்டு வரிசையாக நிறுத்திவைப்பார்கள். வாங்க வந்தவர் நிதானமாகப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லி, பல்லைப் பார்த்துப் பேரம் பேசலாம். ஜவுளிக்கடைபோல.

1863 ஜூலையில் வடக்கத்தியப் படை ஊரைப் பிடித்தது. சந்தையின் கொட்டடிகளை இடித்துப் பலகைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் படைமுகாமுக்குப் பயன்படுத்தினார்கள். இடித்தவர்களில் கறுப்பினச் சிப்பாய்களும் இருந்தார்கள். நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். அதனால்தான் இன்று பார்க்க ஒன்றுமில்லை. மாளிகைகள் எல்லாம் நிற்கின்றன, இது மட்டும் நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் சிலர் பல ஆண்டு விடாமல் போராடியதால் 2021ல் இந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியானது. தரையில் கான்கிரீட்டில் பதித்த கைவிலங்குச் சங்கிலிகள் இருக்கின்றன. சிலர் அவற்றின் மேல் நாணயங்களை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நாச்செஸில் விற்கப்பட்டவர்களில் ஒருவருடைய பெயரும் கதையும் நன்றாகத் தெரியும். அப்துல் ரஹ்மான் இப்ராஹிமா. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா ஜலோன் அரச குடும்பத்து இளவரசர், அரபி எழுதப் படிக்கத் தெரிந்தவர். போரில் பிடிபட்டு 1788ல் இங்கே விற்கப்பட்டார். 1807ல் ஒரு நாள் சந்தையில் காய்கறி விற்கப் போனபோது எதிரே வந்த வெள்ளைக்கார மருத்துவரை அடையாளம் கண்டார். பல ஆண்டுகளுக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் வழிதவறி நோயில் விழுந்த அந்த மருத்துவரை வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் இப்ராஹிமாவின் அப்பா. மருத்துவர் நெகிழ்ந்து, என்ன விலையானாலும் வாங்கி விடுதலை செய்கிறேன் என்றார். எஜமானர் மறுத்துவிட்டார். நல்ல வேலைக்காரனை யார் விடுவார்கள்? நாற்பது ஆண்டு உழைத்த பிறகு, அமெரிக்க ஜனாதிபதிவரை விஷயம் போய், 1828ல் விடுதலை கிடைத்தது. 1829ல் கப்பலேறி லைபீரியாவில் இறங்கினார். சொந்த ஊர் போய்ச் சேர்வதற்குள் அதே ஆண்டு காய்ச்சலில் இறந்துபோனார்.

போர் முடிந்ததோடு கதை முடியவில்லை. 1967ல், டயர் ஆலை ஒன்றில் வேலை பார்த்த வார்லெஸ்ட் ஜாக்சன் என்பவருக்கு இதே ஊரில் பதவி உயர்வு கிடைத்தது. அதுவரை வெள்ளையர்கள் மட்டுமே வகித்த பொறுப்பு. பிப்ரவரி 27 அன்று வீடு திரும்பும் வழியில் அவருடைய வண்டியில் வைத்த குண்டு வெடித்து இறந்தார். யாரும் தண்டிக்கப்படவில்லை. அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மிசிசிப்பி சட்டமன்றம் ஒப்புதல் தந்தது 1995ல். அதற்கான காகிதத்தை முறைப்படி அனுப்பிவைத்தது 2013ல். நம் தாலுகா ஆபீஸ்கள் எவ்வளவோ தேவலை.

திரும்பும்போது பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய், கொஞ்ச தூரம் வயல்கள் வழியாக வந்தோம். செப்டம்பர் கடைசி. பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. ஓர் ஆள் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இந்த வயலில் எத்தனை நூறு பேர் குனிந்திருப்பார்கள்?

பருத்தியைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கரிசல் பூமி ஞாபகம் வந்தது. சும்மா வந்த ஞாபகம் இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. லங்காஷயர் ஆலைகள் அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருப்பது ஆபத்து என்று நினைத்த கிழக்கிந்திய கம்பெனி, 1840ல் இந்தத் தென் மாநிலங்களிலிருந்து பத்துப் பருத்திப் பண்ணைக்காரர்களைச் சம்பளம் பேசி இந்தியாவுக்கு அழைத்துவந்தது. சிலர் சென்னை ராஜதானிக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் சோதனைப் பண்ணை நடந்தது. திருநெல்வேலிச் சீமையிலும் முயன்றார்கள். அந்த முயற்சி பெரிதாகப் பலிக்கவில்லை. மிசிசிப்பியின் மழை வேறு, நம் மழை வேறு. பிறகு 1861ல் போர் மூண்டு அமெரிக்கப் பருத்தி நின்றதும் இங்கே விலை தாறுமாறாக ஏறியது. பம்பாயில் பணம் கொழித்தது. 1865ல் போர் நின்றதும் விலை விழுந்து, பம்பாயில் கம்பெனிகள் சரிந்தன. லாங்வுட்டில் தச்சன் உளியைக் கீழே போட்ட அதே சமயம், இங்கே ஒரு விவசாயி நல்ல விலை கிடைத்ததென்று கடன் வாங்கி இன்னும் கொஞ்சம் நிலத்தில் பருத்தி விதைத்துக்கொண்டிருந்தான்.

வண்டியில் குழந்தை தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

"சின்னத் தாத்தா, உங்க கொள்ளுத்தாத்தா வீட்டு பங்காவ யாரு இழுத்தாங்க?"

வீட்டில் இல்லை, கச்சேரியில் என்று திருத்தினேன். அவர் பாளையங்கோட்டையில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவர். பங்காவுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லப்படும் பெருமை. இழுத்தவருக்குச் சம்பளம் உண்டு, அவர் அடிமை இல்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று விளக்கினேன். அது உண்மைதான். விலைக்கு வாங்கிய பிள்ளையும் கூலிக்கு இழுத்தவரும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கத்திலும் பண்ணையோடு சேர்த்து ஆட்களை விற்றிருக்கிறார்கள், அடமானம் வைத்திருக்கிறார்கள். அடிமை மேல் உரிமை கோருவதைச் சட்டம் ஏற்காது என்று கம்பெனி அரசாங்கம் சொன்னதே 1843ல்தான். அதையும் சொல்ல நினைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

"அவர் பேரு என்ன?" என்றாள்.

தெரியாது என்றேன்.

ஊர் திரும்பியதும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கச்சேரிப் புகைப்படத்தை இறக்கித் துடைத்துப் பார்த்தேன். துரை நடுவில். இரண்டு பக்கமும் தலைப்பாகையும் கோட்டுமாகப் பதினோரு பேர். கொள்ளுத்தாத்தா இடமிருந்து நான்காவது. கீழே எல்லாருடைய பெயர்களும் வரிசையாக, அழகான கையெழுத்தில். வலது ஓரத்தில், சட்டம் போட்டவர் வெட்டியது போக மிச்சமாக, சுவரோரம் குந்தியிருக்கும் ஒருவரின் முழங்காலும் ஒரு கையும் தெரிகின்றன. இத்தனை ஆண்டாக அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். "பேரு எங்க?" என்று பதில் வந்தது.